பயத்தோடு விளையாடும் பிள்ளைகள்

குழந்தைகள் பிரிவின் தாழ்வாரத்தில் நாள்தோறும் இரண்டு வாக்கியங்கள் காதில் விழுகின்றன. “சேட்டை பண்ணுனா டாக்டர்கிட்டச் சொல்லிப் பெரிய ஊசியாப் போடச் சொல்லிருவேன்” என்பது ஒன்று. “ஊசியெல்லாம் கிடையாது, சும்மா பாத்துட்டு வீட்டுக்குப் போயிரலாம்” என்பது மற்றொன்று. முன்னது அச்சுறுத்தல், பின்னது ஆறுதல். இரண்டையும் சொல்பவர் பெரும்பாலும் ஒரே தாய் அல்லது ஒரே தந்தை. அதுவும் சில வேளைகளில் அரைமணி நேர இடைவெளியில். இரண்டுமே அன்பினால் சொல்லப்படுபவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டுமே குழந்தையிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொள்கின்றன என்பது என் கருத்து.

அச்சத்தின் முன்னால் குழந்தை வெறுங்கையோடு நிற்பதில்லை. நாம் கற்றுக்கொடுக்காமலேயே அதற்குச் சில காப்புகள் வாய்த்திருக்கின்றன. விளையாட்டு அவற்றுள் ஒன்று; நடந்ததை இல்லையென்று மறுப்பது மற்றொன்று; கைவிட்டுப்போன மழலைக்குத் திரும்புவது, அருகில் இருப்பவரிடம் சினங்கொள்வது, வாய்மூடிக் கிடப்பது என இன்னும் பல உண்டு. உளவியலார் இவற்றைத் தற்காப்பு முறைகள் என்பர். பெரியவர் கண்ணுக்கோ இவை பொய்யாகவும் பிடிவாதமாகவும் சேட்டையாகவும், சில நேரம் நல்ல பிள்ளையின் இலக்கணமாகவும் தோன்றுகின்றன. நோயுற்ற குழந்தையின் கட்டிலருகே இரவும் பகலும் இருப்பவர்கள் மருத்துவர்களாகிய நாங்களல்லர்; நீங்கள்தாம். ஆகவே இந்தக் காப்புகளை அடையாளம் காண வேண்டியவர்களும் முதலில் நீங்கள்தாம்.

மகாராஜபுரம், வத்திராயிருப்பு, கூமாப்பட்டி என மேற்கு மலையின் அடிவாரத்து ஊர்களில் வளரும் பிள்ளைகளுக்கு அச்சம் புதிதன்று. இரவில் தோப்புக்குள் யானை இறங்கிய பேச்சும், வரப்போரத்துப் பாம்பும், மலையில் பெய்த மழை ஓடையில் வெள்ளமாகத் திடீரென்று வந்து சேர்வதும் அவர்கள் கேட்டும் கண்டும் வளர்பவை. 2015 மே மாதத்தில் சதுரகிரிக்குச் சென்ற பக்தர்கள் காட்டாற்று வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்த செய்தி, தாணிப்பாறை வழியிலுள்ள ஊர்களில் எத்தனை திண்ணைகளில் பேசப்பட்டிருக்கும்! அந்தத் திண்ணைகளின் ஓரத்தில் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது பிள்ளைகளின் செவியில் விழாது என்று நம்புவது நம் வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். மருத்துவமனைக் கட்டிலருகே நின்று பேசும்போதும் அந்த நம்பிக்கையை நாம் விடுவதில்லை.

இந்த ஊர்களில் கோயில் பொங்கல் முடிந்த மறுநாள் தெருவைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். முந்தைய இரவில் கருப்பசாமி இறங்கி ஆடியவரைக் கண்டு அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்ட அதே பையன், இன்று சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு கையில் வேப்பங்குழையும் மறு கையில் அரிவாளுக்குப் பதிலாக ஒரு குச்சியுமாக ஆடிக்கொண்டிருப்பான். நாக்கைக் கடித்துக்கொள்வான்; விழிகளை உருட்டுவான். தங்கையின் நெற்றியில் தெருப்புழுதியைத் திருநீறாகப் பூசிக் குறி சொல்லுவான். பார்க்கும் பெரியவர்களில் ஒருவர் சிரிப்பார். ஒருவர், “சாமிய வச்சு விளையாடக் கூடாதுடா” என்று அதட்டுவார். அவன் சாமியைக் கேலி செய்யவில்லை. நேற்று தன்னை நடுங்கவைத்த ஒன்றின் இடத்தில் இன்று தானே நின்று பார்க்கிறான். அரிவாளை ஏந்தியவனுக்கு அரிவாளைக் கண்டு பயமில்லை அல்லவா?

வியன்னாவில் குழந்தைகளின் உளமருத்துவத்தில் ஈடுபட்டிருந்த அன்னா பிராய்டு, தற்காப்பு முறைகளைப் பற்றி 1936இல் வெளியிட்ட நூலில் இதற்கு நெருங்கிய உறவுடைய நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்துள்ளார். ஒரு சிறுமிக்கு இருட்டான கூடத்தைக் கடந்து செல்லப் பேய்ப்பயம். திடீரென்று ஒருநாள் அவளால் கடக்க முடிந்தது. ஆனால் விசித்திரமான அங்க அசைவுகளைச் செய்துகொண்டே ஓடினாள். அந்த இரகசியத்தைத் தன் தம்பிக்கும் பெருமையோடு சொல்லிக்கொடுத்தாள். வழியில் எந்தப் பேய் வரக்கூடுமோ அந்தப் பேயாகத் தன்னைப் பாவித்துக்கொண்டால் போதும், பயப்பட வேண்டியதில்லை என்பதே அவள் கண்ட உபாயம். எந்த நூலும் அவளுக்கு அதைக் கற்பிக்கவில்லை. நம் தெருவில் வேப்பங்குழையோடு ஆடும் பையனுக்கும் எவரும் கற்பிக்கவில்லை.

அதே நூலில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனும் வருகிறான். பல் மருத்துவர் அவனுக்கு வலி உண்டாக்கிவிட்டார். அங்கிருந்து சினத்தோடு வந்தவன் அறையிலிருந்த பொருள்களின்மேல் பாய்ந்தான். ரப்பரை வெட்டினான், நூலைத் துண்டு துண்டாக்கினான், பென்சில்களைச் சீவிச் சீவி முனையை முறித்தான், மறுபடியும் சீவினான். அவன் பல் மருத்துவராக நடிக்கவில்லை என்பதே இங்கே கவனிக்கத்தக்கது. தன்னைத் துன்புறுத்திய கூர்மையை மட்டும் எடுத்துத் தனதாக்கிக்கொண்டான். வீடு திரும்பிய பிள்ளை காரணமின்றித் தம்பியைக் கிள்ளுவதையும், பொம்மையின் கையைத் திருகுவதையும் கண்டு, “ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்ததுல இருந்து இவனுக்குக் குணமே மாறிப்போச்சு” என்று வருந்தும் தாய்மார்கள் இச்சிறுவனை நினைத்துக்கொள்ளலாம். தம்பி கிள்ளுப்படுவதைத் தடுக்கத்தான் வேண்டும். அதற்காகக் கிள்ளியவனைக் கொடியவனாக்க வேண்டியதில்லை.

எங்கள் பிரிவில் இதை வாரம் ஒரு முறையேனும் காண்கிறோம். டெங்குக் காய்ச்சலில் படுத்திருக்கும் குழந்தைக்குத் தட்டணுக்களை எண்ணிப் பார்ப்பதற்காக நாள்தோறும் இரத்தம் எடுக்க வேண்டியிருக்கும். மூன்றாம் நாளில் அக்குழந்தை தலையணையைப் படுக்கவைத்து, அதன் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, “ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்” என்று சொல்லிக் குத்தத் தொடங்கும். செவிலியரின் குரல், அவர் தலையைச் சாய்க்கும் விதம், பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொல்லும் பாங்கு எல்லாம் அப்படியே வரும். அப்போது பாட்டி குறுக்கிடுவார்: “நோய்ல கெடக்குற பிள்ள விளையாடுற விளையாட்டா இது? நல்லதா ஏதாச்சும் விளையாடு.” பாட்டியின் மனம் எனக்குப் புரிகிறது. ஊசி என்ற சொல்லே அபசகுனமாகப் படுகிறது. என்றாலும் அந்தத் தலையணை அன்று வாங்கும் ஒவ்வொரு குத்தும் குழந்தையின் நெஞ்சிலிருந்து இறங்கும் சுமை என்றே நான் கருதுகிறேன். வாய்ப்பிருந்தால் ஊசி பொருத்தாத புதிய சிரிஞ்சு ஒன்றைச் செவிலியரிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். பயன்படுத்தியது எதுவும் வேண்டாம். பாட்டியும் கையை நீட்டி, “ஐயோ வலிக்குதே டாக்டர்” என்று ஒரு முறை கத்திவிட்டால் இன்னும் நல்லது. அத்தனை நாள் கத்தியவனுக்கு ஆறுதல் சொல்லும் இடம் ஒரு முறையாவது கிடைக்கும்.

அன்னாவின் தந்தை சிக்மண்ட் பிராய்டும் 1920இல் எழுதியபோது இதைத் தொட்டிருக்கிறார். மருத்துவர் தொண்டையைத் திறந்து பார்த்தாலோ சிறு அறுவை செய்தாலோ, அந்த அச்சமே குழந்தையின் அடுத்த விளையாட்டாக வரும் என்பது அவர் கண்டது. பட்டவன் செய்பவனாக மாறுகிறான். விளையாட்டின் பயன் இவ்வளவுதானா என்று கேட்பவர்கள், தாமே ஒரு விபத்திலிருந்து தப்பி வந்த நாளை எண்ணிப் பார்க்கட்டும். வந்தவர் போனவரிடமெல்லாம் அதை எத்தனை முறை சொன்னோம்! லாரி எங்கிருந்து வந்தது, நாம் எந்தப் பக்கம் சாய்ந்தோம் என்று ஒவ்வொரு முறையும் சற்றுக் கூட்டியும் குறைத்தும் சொல்லச் சொல்ல நடுக்கம் அடங்கவில்லையா? பெரியவர்களுக்குச் சொல் இருக்கிறது. நான்கு வயதுக் குழந்தைக்கு அவ்வளவு சொல் இல்லை; தலையணை இருக்கிறது.

மறுப்பைப் புரிந்துகொள்வது இதைவிடக் கடினம். “எனக்குக் காய்ச்சலே இல்ல”, “இது என் கை இல்ல, பொம்மைக் கை” என்று பிள்ளை சொல்லும்போது நாம் உடனே திருத்த முனைகிறோம். இங்கிலாந்தில் இரண்டாம் உலகப்போரின்போது அன்னா பிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் இலண்டன் ஹாம்ஸ்டெட் பகுதியில் போர்க்காலக் குழந்தைகள் காப்பகங்களை நடத்தினர். அங்கிருந்த நான்கு வயதுச் சிறுவன் ஒருவனின் தந்தை வான்தாக்குதலில் இறந்துவிட்டார். பிற பிள்ளைகளும் குண்டுவீச்சு விளையாடினார்கள், கட்டிய வீட்டைத் தகர்த்தார்கள், ஆள்கள் செத்துப்போனார்கள், விளையாட்டு முடிந்தது. அச்சிறுவனின் விளையாட்டில் மட்டும் எவரும் சாகவில்லை. குண்டு விழும், எல்லாரும் தக்க சமயத்தில் காப்பாற்றப்படுவர், வீடும் மீண்டும் எழும். மீண்டும் குண்டு விழும். தந்தை இறந்ததை அவன் ஏற்கவில்லை. ஏற்காதவரையில் விளையாட்டையும் நிறுத்த முடியவில்லை. ஏறத்தாழ ஆறு மாதங்கள் சென்றபின் ஒருநாள், அப்பா கொல்லப்பட்டுவிட்டார், இனித் திரும்பமாட்டார் என்று அவனே சொன்னான். அதன்பின் அந்த விளையாட்டு ஓய்ந்தது. அவனை எவரும் உலுக்கி உண்மையைச் சொல்லவைக்கவில்லை. தாங்கக்கூடிய நாள் வந்தபோது அவனே சொன்னான்.

இங்கே ஒரு வேறுபாட்டை வற்புறுத்த விரும்புகிறேன். பொம்மைக் கை என்று சொல்லும் பிள்ளைக்கு அது தன் கைதான் என்று தெரியும். பாவனையின் எல்லை எதுவென்று அறிந்தே அது பாவிக்கிறது. ஊசி கிடையாது என்று நாம் சொல்வது பாவனையன்று, வெறும் பொய். பத்தே நிமிடங்களில் ஊசி வருகிறது. வலி அன்று மாலைக்குள் மறந்துபோகும். ஆனால் அடுத்த முறை, உண்மையாகவே ஊசி இல்லாத நாளிலும், அம்மா இல்லையென்றால் இருக்கிறதென்று பொருள் என அந்தப் பிள்ளை கணக்குப் போட்டுவிடும். நூல் கண்டு அளவுக்கு நம்பிக்கை வைத்திருக்கும் குழந்தையிடமிருந்து நாம் அறுத்தெடுப்பது இதைத்தான். “வலிக்கும், நான் பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும், கத்தணும்னா கத்திக்கோ, கையை மட்டும் ஆட்டாதே” என்று சொல்வதற்கு அதிக நேரம் ஆகாது. அச்சுறுத்தலைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பூச்சாண்டிக்குப் பதிலாக டாக்டரைக் காட்டிச் சோறூட்டும் வீடுகள், வயிற்றுவலி வந்த இரவில் அந்தப் பூச்சாண்டியிடமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது.

இனி, நான் மிகவும் கவலைப்படும் பிள்ளையைப் பற்றி. கதறும் குழந்தை அன்று. அதைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. உறவினர் அனைவரும், சில நேரம் எங்கள் ஊழியர்களும், “தங்கமான பிள்ள, மூச்சே விடல” என்று மெச்சும் குழந்தையைப் பற்றித்தான். சில பிள்ளைகள் இயல்பிலேயே அமைதியானவர்கள், அவர்களை விட்டுவிடலாம். ஆனால் முதல் நாள் கத்தி, இரண்டாம் நாள் விசும்பி, மூன்றாம் நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, வந்தவர் கொடுத்த பிஸ்கட்டை வாங்கிக் கையிலேயே வைத்திருக்கும் பிள்ளை அமைதியாகிவிட்டது என்று நாம் மகிழ்ந்தால் அது தவறான வாசிப்பு.

இதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட கதை சுவையானது. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் அன்னா பிராய்டின் போர்க்காலக் காப்பகத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக வேலைக்குச் சேர்ந்தவர். அங்கே பிள்ளைகளைக் கவனிக்கக் கற்றுக்கொண்டு, பின்னர் ஜான் பௌல்பியோடு சேர்ந்து ஆய்வுப்பணி செய்தார். அக்காலத்துப் பிரித்தானிய மருத்துவமனைகளில் பெற்றோர் குழந்தையைப் பார்க்க அனுமதிக்கப்பட்ட நேரம் மிகக் குறைவு. சிலவற்றில் வாரம் ஒரு முறைதான். பெற்றோர் வந்தால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது, ஆகவே வராமல் இருப்பதே நல்லது என்பது அன்றைய நியாயம். ராபர்ட்சன் 1952இல் ஒரு படம் எடுத்து வெளியிட்டார். லாரா என்ற சிறுமி. வயது இரண்டு ஆண்டு ஐந்து மாதம். சிறிய குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருக்கிறாள். அவள் அதிகம் அழவில்லை. அழுகையை விழுங்குவதும், முகத்தைத் துடைத்துக்கொள்வதும், கரடிப்பொம்மையை இறுக்கிக்கொள்வதும், நாள் செல்லச்செல்ல அம்மா வரும்போது முகம் கொடாமல் இருப்பதும்தான் படம். மருத்துவர்களுக்குக் காட்டியபோது அவர்களில் பலர் சினந்தனர்; தங்கள் பிரிவில் இப்படியெல்லாம் இல்லை என்றனர். முதலில் எதிர்ப்பு, பின்பு நம்பிக்கையிழப்பு, முடிவில் ஒட்டாமை என்று அவர் வகுத்த படிகளைக் காலம் ஏற்றுக்கொண்டது. 1959இல் பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கவும், சிறு குழந்தைகளின் தாய்மார் உடன் தங்கவும் வகைசெய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நம் நாட்டு மருத்துவமனைகளில் தாய் கட்டிலிலேயே உடன் படுத்துக்கொள்வதும், கீழே பாயை விரித்துப் பாட்டியும் சித்தியும் இருப்பதும் வழக்கம். கூட்டம் என்று நாங்கள் கடிந்துகொள்ளும் இந்த வழக்கத்தில், அறிக்கை எழுதிப் பெற வேண்டியிருந்த ஒன்று இயல்பாகவே இருக்கிறது. ஆயினும் மிகவும் வேண்டிய அந்த ஐந்து நிமிடத்தில் நாமும் அதை விட்டுவிடுகிறோம். நரம்பில் ஊசி ஏற்றும்போது, “அம்மா, நீங்க வெளிய நில்லுங்க” என்பது பல மருத்துவமனைகளில் எழுதாத சட்டம். தாய் மயங்கி விழுவாள், குழந்தை அதிகம் அழும், கை நடுங்கும் என்று காரணங்கள் சொல்வார்கள். அவற்றில் உண்மை இல்லாமலில்லை. இரத்தத்தைக் கண்டால் தலைசுற்றும் தாய் வெளியே நிற்கட்டும். அவருக்குப் பதில் அப்பாவோ அத்தையோ உள்ளே வரட்டும். ஆனால் அம்மாவைக் கண்டதும் குழந்தை அதிகம் அழுகிறது என்பதைக் காரணமாக ஏற்க எனக்கு மனமில்லை. அம்மாவிடம் அழலாம் என்று தெரிந்திருப்பதனால் அது அழுகிறது. அன்னியரிடம் அழுது என்ன பயன் என்று அது முடிவுசெய்துவிடும் நிலையைத்தான் நாம் விரும்பக்கூடாது. மடியில் அமர்த்தி, முகத்தைத் தன் பக்கம் திருப்பி அணைத்துக்கொண்ட தாயின் பிடியில் குழந்தையின் கை அசையாமல் இருப்பதும் உண்டு. கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடும்போது தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் வலி குறைகிறது என்பது ஆய்வுகள் ஒப்புக்கொண்டது. உங்களுக்கு உடனிருக்க விருப்பமானால் கேளுங்கள். மறுக்கப்படும் சில சூழல்கள் உண்டு, கேட்பதில் தவறில்லை.

பழைய மழலைக்குத் திரும்புதலும் இதே வகைதான். ஐந்து வயதுப் பிள்ளை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் படுக்கையை நனைக்கிறது, விரல் சூப்புகிறது, ஊட்டிவிடச் சொல்கிறது. பின்வாங்கிப் போய் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம் அது. சில வாரங்களில் தானே வெளியே வந்துவிடும். எள்ளிநகையாடினால் தங்கிவிடவும் கூடும்.

தமிழ் பேசும் மண்ணில் பிள்ளைகளின் இந்தக் காப்புகளைப் பெரிய அளவில் மதித்து ஓர் இடம் அமைத்தவர்கள் மட்டக்களப்பினர். இலங்கைப் போரின் நடுவே, 1996இல், இயேசு சபைத் துறவியும் உளவளத் துணையாளருமான பால் சற்குணநாயகம் அடிகளாரும், கனடிய ஓவியர் பால் ஹோகனும் அங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினர். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பேருந்தில் அழைத்துவரப்பட்டனர். வீட்டில் சாவைக் கண்டவர்கள், ஊரை விட்டு ஓடி வந்தவர்கள் அவர்களுள் இருந்தார்கள். அங்கே அவர்களை உட்காரவைத்து நடந்ததைச் சொல்லச் சொல்லவில்லை. களிமண் இருந்தது, வண்ணம் இருந்தது, விலங்குகளும் மரங்களும் இருந்தன, கதையும் நாடகமும் இருந்தன. பழகிய உள்ளூர்ப் பெரியவர்கள் உடன் இருந்தார்கள். விளையாட்டில் அரக்கன் வந்தால் வரவிட்டார்கள். அவன் எந்தச் சீருடையில் வந்தான் என்று கேட்கவில்லை. குழந்தையே வழி கண்டுபிடிக்கும், அதற்கு இடமும் காலமும் துணையும் கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கை அந்தத் தோட்டத்தின் அடியில் இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினக் கரையில் பிள்ளைகளோடு பணியாற்றியவர்களும் தாளும் வண்ணக்கோலுமாகத்தான் சென்றனர். ஒரு குழந்தைகள் பிரிவில் அவ்வளவு பெரிய தோட்டம் அமைக்க முடியாது. ஒரு மூலையில் ஒரு பெட்டியில் களிமண்ணும், பழைய ஸ்டெதஸ்கோப்பும், கட்டுத்துணியும், இரண்டு துணிப் பொம்மைகளும் வைக்க முடியும். அதற்கு நிதிநிலை அறிக்கை வேண்டியதில்லை.

கைப்பேசியைக் கொடுத்துவிட்டால் பிள்ளை எல்லாவற்றையும் மறந்துவிடுகிறதே, இவையெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஊசி போடும் அந்தச் சில நிமிடங்களுக்குக் கைப்பேசி நல்ல துணைதான். கவனம் வேறிடத்தில் இருந்தால் வலியும் அச்சமும் குறையும் என்பது உறுதிப்பட்ட செய்தி. நானே கொடுக்கச் சொல்வதுண்டு. ஆனால் கைப்பேசி அச்சத்தைத் தள்ளிவைக்கிறது. தலையணைக்கு ஊசி போடும் விளையாட்டு அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கிறது. நாள் முழுவதும் திரையைக் கொடுத்துவிட்டால் பிள்ளை புரட்டிப் பார்ப்பதற்கு நேரமே இராது.

நம் வீடுகளில், “பிள்ள பயந்திருக்கு” என்று சொல்லிக் கோயிலில் திருநீறு போட்டுவருவதும், பள்ளிவாசலில் ஓதி ஊதச் செய்வதும், வேப்பிலையால் வருடிவிடுவதும் உண்டு. படித்தவர்களில் சிலர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். நான் சுளிப்பதில்லை. பிள்ளையின் உடம்பில் ஏற்பட்ட மாற்றத்துக்குப் பயம் என்று ஒரு பெயரிட்டு, அதை வெட்கமில்லாமல் நாலு பேர் முன்னே சொல்லி, அதற்காக ஒரு பெரியவர் நேரம் ஒதுக்கித் தலையில் கை வைக்கும் வழக்கம் அது. காய்ச்சல் மருந்தையோ பாம்புக்கடி ஊசியையோ அதற்காகத் தள்ளிப்போடாதவரையில் எனக்கு அதில் மறுப்பில்லை. தள்ளிப்போட்டு வருபவர்களிடம் நான் பேசும் தொனி வேறு.

எல்லாக் காப்பும் எப்போதும் நன்மையே செய்யும் என்று சொல்லவில்லை. கவசத்தைக் கழற்ற முடியாமல் போவதும் உண்டு. விளையாட்டு நாள்தோறும் ஒரே மாதிரி, சிரிப்பில்லாமல், முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வந்தால். வீடு திரும்பி ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கத்தில் அலறினால். பள்ளிக்குப் போக மறுத்தால். பேசிய பிள்ளை பேசாமலே இருந்தால். தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொண்டால், மறு பரிசோதனைக்கு வரும் நாளில் இருமலோடு சேர்த்து இதையும் சொல்லுங்கள். “அது சின்னப் பிள்ளத்தனம், போகப் போகச் சரியாயிரும்” என்று விட்டுவிட வேண்டாம். மனநல மருத்துவரிடம் அனுப்பினால் பிள்ளைக்குப் பைத்தியப் பட்டம் கட்டிவிடுவார்கள் என்ற அச்சம் பெற்றோருக்கு இருக்கிறது. அதுவும் ஓர் அச்சம்தான். அதற்கும் தற்காப்பாகத்தான் நாம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்கிறோம்.

அறுவைக்கு நாள் குறித்துக்கொண்டு போகும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது: பிள்ளையிடம் எப்போது சொல்வது? மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒரு நாள் முன்பு சொன்னால் போதும். அதற்குமேல் நாள் கணக்கு அதற்கு எட்டாது. நான்கிலிருந்து ஆறேழு வயதுள்ள பிள்ளைக்குச் சில நாள்கள் முன்பே சொல்லலாம். அந்த நாள்களில் அது தலையணைக்கு அறுவை செய்து பார்த்துக்கொள்ளும். அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வாரமோ இன்னும் முன்போ வேண்டும். அவர்களுக்குக் கேள்விகள் இருக்கும். எங்கே வெட்டுவார்கள், எவ்வளவு வெட்டுவார்கள், தூங்கும்போது விழித்துக்கொண்டால் என்ன செய்வது, நீ எங்கே நிற்பாய் என்பவை அவர்கள் வழக்கமாகக் கேட்பவை. முதல் மூன்றுக்கும் விடை தெரியாவிட்டால் எங்களிடம் அழைத்து வாருங்கள், நாங்கள் சொல்கிறோம். நான்காவதற்கு நீங்கள்தாம் விடை சொல்ல வேண்டும். எந்தக் கதவுக்கு வெளியே, எந்த நாற்காலியில் என்பதுவரை.